பத்திரத்தில் வராத வில்லங்கம்

எங்கள் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிற அளவுக்குக் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போடுவார்கள். மூலப்பத்திரம் கேட்பார்கள். நத்தமா, பட்டா யார் பேரில் இருக்கிறது, பாகப்பிரிவினையில் தங்கச்சி கையெழுத்துப் போட்டிருக்கிறாளா என்று வக்கீல் வீட்டில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசுவார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, மாடியேறிக் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் சுவரை யாரும் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நாங்கள் வாங்கிய வீடு வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து ஒடுகத்தூர் போகிற பக்கம், ஜவ்வாது மலை தெரிகிற ஒரு கிராமத்தில் இருக்கிறது. மாமனார் மாமியாருக்காக வாங்கியது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்களோடு இரண்டாவது மாடியில் இருந்தார்கள். முட்டி வலியோடு படியேறுவது இருவருக்குமே முடியாமல் போய்விட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. விற்றவர்கள் இன்னும் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள்.

வீடு இரண்டு துண்டு. தெருவைப் பார்த்த முன்கட்டு பழைய மெத்தை வீடு. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அது: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கலைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்ட தளம். ஒன்றரை அடிச் சுவர். பின்கட்டு தொண்ணூறுகளில் சேர்த்த கான்கிரீட் கட்டடம். இரண்டு அறை, சமையலறை, குளியலறை, குளியலறைத் தளத்தின்மேல் 1000 லிட்டர் தண்ணீர் டேங்க். புரோக்கர் எங்களுக்குப் பின்கட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டினார். “முன்னாடி இருக்கிறது பழசுணா. வேணும்னா இடிச்சிட்டு ரெண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம். பின்னாடி ஆர்சிசி, அசையாது.” பின்கட்டு முழுக்கப் பட்டி பார்த்துப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். விலை 22 லட்சம்.

கட்டடத்தைப் பார்க்க ஒரு இன்ஜினியரைக் கூட்டிவரலாம் என்று நான் சொன்னபோது வீட்டிலேயே எதிர்ப்பு. லோன் போட்டால் பேங்க்காரர்களே இன்ஜினியர் அனுப்புவார்களே, அதற்கு எதற்குத் தனியாகச் செலவு என்றார் மைத்துனர். பேங்க் அனுப்புகிறவர் மதிப்பீடு செய்கிறவர். நீள அகலம் அளப்பார், வயதைக் குறிப்பார், அந்தத் தெருவில் என்ன விலை போகிறது என்று பார்ப்பார், கடன் திரும்பாவிட்டால் இதை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். பூச்சைத் தட்டிப் பார்ப்பதும் கம்பி துருவைத் தேடுவதும் அவர் வேலை இல்லை. மேஸ்திரியைக் கூட்டிப்போகலாம் என்பது அடுத்த யோசனை. மேஸ்திரிக்கு நிறையத் தெரியும், சந்தேகமில்லை. ஆனால் ரிப்பேர் வேலை கிடைக்கும் என்று இருப்பவரிடம் ரிப்பேர் தேவையா என்று கேட்பது சரியாக வராது.

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கட்டட உறுதிச் சான்று கொடுக்கிற ஒருவரை நண்பர் மூலம் பிடித்தோம். போனிலேயே சிலவற்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ரிப்போர்ட்டை எழுத்தில், படத்தோடு, கையெழுத்துப் போட்டுத் தருவாரா? ஒவ்வொரு குறைக்கும் உத்தேசச் செலவு போடுவாரா? ரிப்பேர் காண்ட்ராக்ட் எடுப்பாரா? கடைசிக் கேள்விக்கு “நான் வேலை எடுக்கிறதில்லை சார்” என்றார். அதனால்தான் அவரையே பேசி முடித்தேன். கருவிச் சோதனைகளுக்கு அவர் தனியாக ஆள் வரவழைத்தார். பொறியியல் கல்லூரிகளின் சிவில் ஆய்வகங்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு இவற்றைச் செய்து தருவது உண்டு. வேலூரைச் சுற்றிக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, விசாரித்தால் கிடைக்கும்.

விற்கிறவரின் சம்மதம் முக்கியம். நாங்கள் அக்ரிமென்ட் போடுமுன் சின்னத் தொகை டோக்கனாகக் கொடுத்து, ரசீதிலேயே இரண்டு வரி எழுதி வாங்கினோம்: சோதனைக்காகக் கொத்தும் இடங்களை எங்கள் செலவில் பூசித் தருவோம், ரிப்போர்ட் வந்த பிறகுதான் விலை முடிவாகும், சரிப்படாவிட்டால் டோக்கன் திரும்பும். பெரியவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார். அவர் மகன்தான் முகம் சுளித்தார்.

இன்ஜினியர் வந்த அன்று தெருவே வாசலில் கூடிவிட்டது. டேப் பிடித்து மூலை மூலையாக அளந்ததைப் பார்த்து வாஸ்து பார்க்கிறவர் என்று நினைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், “எந்த மூலை சார் சரியில்லை?” என்று கேட்க, இவர் நிமிராமல், “தென்மேற்கு” என்றார். கன்னி மூலையா என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாடித் தண்ணீர் முழுவதும் அந்த மூலைக் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது, குழாய் சுவரை ஒட்டியே உடைந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த மூலையில் ஏணி போட்டு ஏறினார். வெளியே இருந்து பார்க்கத் தேக்குக் கட்டைகள் எல்லாம் ஒன்றுபோல் கறுப்பாக, கம்பீரமாக இருந்தன. கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் அழுகும். நடுவில் பார்த்துப் பயனில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கட்டையின் முனையையும் குத்திக்கொண்டு வந்தார். டக், டக் என்று எல்லாம் எதிர்த்தன. குழாய்க்குப் பக்கத்துக் கட்டையில் ஸ்க்ரூடிரைவர் ஊறவைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள். அந்த ஒரு கட்டையைத் தவிர முன்கட்டுத் தளம் நன்றாக இருந்தது. கறையான் இரண்டு நிலைக்காலில் மட்டும் மண்பாதை போட்டிருந்தது.

முன்கட்டுச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு கிடையாது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை ஏறுகிற ஈரம் காய்ந்து வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இடையில் யாரோ அதன்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இடுப்பளவுக்குச் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசச் சொன்னார். ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகமாக இருந்தால் நாமே பார்க்க ஒரு வழியும் சொன்னார்: பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உள்பக்கம் நீர்த்துளி என்றால் ஈரம் சுவரிலிருந்து. வெளிப்பக்கம் என்றால் காற்றிலிருந்து.

பின்கட்டுக்கு வந்த பிறகுதான் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு மரச்சுத்தியலை எடுத்துக் கூரையின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். அறைகளில் கெட்டியான சத்தம். சமையலறையின் பாதியிலிருந்து குளியலறை வரை பொக்கென்ற சத்தம். பெரியவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு உளியை வைத்தார். பளபளவென்று பட்டி பார்த்த வெள்ளைப் பூச்சு ஒரு முறம் அகலத்துக்கு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே துருவேறிய கம்பிகள், இலை இலையாக உரிந்துகொண்டு. காலிபரை வைத்துக் காட்டினார்: எட்டு எம்எம் கம்பி ஓரிடத்தில் ஐந்தரைகூட இல்லை. இரும்பு துருப்பிடித்தால் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில்தான் அடியிலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. தளத்துக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 எம்எம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இங்கே பல இடங்களில் அதில் பாதியும் இல்லை. அதற்கு நேர் மேலேதான் ஒரு டன் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

இதில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ரீபவுண்ட் ஹேமர் என்று ஒரு ஸ்பிரிங் சுத்தியல் உண்டு. கான்கிரீட்மேல் அழுத்தினால் எகிறி வந்து ஒரு எண் காட்டும். ரிப்போர்ட் தருகிறவர்களில் சிலர் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பின்கட்டுத் தூணில் அந்த எண் நன்றாகவே வந்தது. மகன் முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிச்சி. இன்ஜினியர் தூணின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து, புதிதாகத் தெரிந்த பரப்பில் ஃபீனால்ப்தலீன் என்ற ரசாயனத்தைத் தெளித்தார். நல்ல கான்கிரீட்டில் அது பட்டதும் ரோஸ் நிறமாகும். இங்கே வெளியிலிருந்து கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை, அதற்கு உள்ளேதான் ரோஸ். காற்றில் இருக்கிற கரியமில வாயு உள்ளே போகப் போகக் கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விடும்; காரம் இருக்கும்வரைதான் கம்பிக்குப் பாதுகாப்பு. அதில் வேடிக்கை, இப்படிக் காரம் போன மேற்பரப்பு இன்னும் கெட்டியாகிவிடும். அதனால் சுத்தியல் நல்ல எண்ணே காட்டும். ஒலி அலையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கி வேகம் பார்க்கும் சோதனையையும் சேர்த்துச் செய்தார்கள். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கான்கிரீட் சந்தேகத்துக்குரியது என்பது கணக்கு. அறைத் தூண்களில் அதற்கு மேலே வந்தது, குளியலறைப் பக்கம் கீழே.

ஏன் இப்படி ஆனது என்று எல்லோரும் மேஸ்திரியைத் திட்ட ஆரம்பித்தபோது பெரியவரே சொன்னார்: “அப்போ இருந்த போர் தண்ணி உப்புப்பா. மாடுகூட குடிக்காது. அதைத்தான் ஊத்திக் கலந்தோம்.” கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. கிராமத்தில் யார் அதைப் பார்த்தார்கள்? தோல் தொழிற்சாலைகள் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றங்கரையில் நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. அந்த ஊர்களில் கட்டிய கான்கிரீட் வீடு வாங்குகிறவர்கள், கட்டும்போது எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய சுண்ணாம்பு வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது என்பதை அன்றுதான் நான் யோசித்தேன்.

முன்கட்டும் பின்கட்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். மேலே விரல் நுழையும், கீழே வரவர மயிரிழை. பின்கட்டின் கடைசி மூலை இறங்கி, கட்டடம் பின்னால் சாய்கிறது என்பதற்கு அது அடையாளமாம். அந்த மூலையில் சுவரை ஒட்டிக் குழி தோண்டச் சொன்னார். முன்கட்டு அஸ்திவாரம் செம்மண் சரளையில் நன்றாக உட்கார்ந்திருந்தது. பின் மூலையில் நாலடி தோண்டியும் கறுப்பு மண், ஓட்டாஞ்சில்லு, சாம்பல். பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, “அது எருக்குழிடா. எங்க மாமியார் காலத்துல இருந்து சாணி கொட்டுன எடம்” என்றார். இந்த ஒரு தகவல் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. வீடு பார்க்கப் போகிற ஊரில் வயசான ஒருவரிடம், இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டுவிடுவது நல்லது. எருக்குழி, தூர்த்த கிணறு, குட்டை, ஏரிக்கால்வாய் எதுவாகவும் இருக்கலாம்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: 2021 மழையில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது? அந்த நவம்பரை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பாலாற்றில் வெள்ளம், குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றுக் கரையோர வீடுகள் போயின, பேரணாம்பட்டில் 19ஆம் தேதி வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி அதிகாலையில் 3.6 அளவில் நில அதிர்வு வேறு. விற்கிறவர்கூட இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டார், தெருவே கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் திண்ணையைத் தொடவில்லை.

விரிசல் பழசா, இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். இன்ஜினியர் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே எபாக்ஸிப் பசை வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அது ஐப்பசி. அவசரப்படாமல் கார்த்திகை மழை முடியும்வரை பொறுத்தோம். புரோக்கர்தான் வேறு பார்ட்டி வந்திருக்கிறது என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். மழைக்கு நடுவில் மேல் கண்ணாடி உடைந்தது. குளியலறைக் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்து, பழைய எருக்குழி மண்ணை வருடக்கணக்கில் ஊறவைத்துக்கொண்டிருந்தது அப்புறம் தெரிந்தது. வீடு பார்க்க மழைக்காலம்தான் சரி. சித்திரை வெயிலில் வேலூரில் எந்தச் சுவரும் காய்ந்து யோக்கியமாகத்தான் நிற்கும்.

ரிப்போர்ட்டை அவர் மூன்று பிரிவாக எழுதியிருந்தார். உடனே செய்ய வேண்டியது: டேங்கைக் காலி செய்து இறக்கித் தனி இரும்பு ஸ்டாண்டில் வைப்பது, குளியலறைத் தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவது, உடைந்த குழாய். குடிவருமுன் செய்ய வேண்டியது: சமையலறைக் கம்பிகளைத் துருநீக்கிப் பூச்சுப் போட்டுப் பாலிமர் கலவையால் மூடுவது, அழுகிய தேக்குக் கட்டை, தென்மேற்கு மழைநீர்க் குழாய், கறையான் மருந்து. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது: பின் மூலை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலுள்ள விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்கவே கூடாது, இரண்டும் தனித்தனியாக அசையட்டும், ரப்பர் போல இழுபடுகிற சீலன்ட் மட்டும் போதும் என்று அடிக்கோடு போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் உத்தேசம் மூன்றரை லட்சம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: முன்கட்டை இடிக்கத் தேவையில்லை.

சோதனைகளோடு சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 26 ஆயிரம். கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் கட்டுகிறோமே, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகையாகத் தெரியவில்லை. விலை பேச உட்கார்ந்தபோது நான் ஒன்றும் வாதாடவில்லை. ரிப்போர்ட்டைப் பெரியவர் கையில் கொடுத்தேன். மகன், “இதெல்லாம் விலை குறைக்க எழுதி வாங்கினது” என்றார். பெரியவர் அந்தக் கம்பிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் அந்தக் குளியலறையில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். “சரி விடுறா” என்றார். 18 லட்சத்து 25 ஆயிரத்துக்கு முடிந்தது.

இந்த ஆய்வில் எல்லாமும் வந்துவிடாது. மின்சார வயரிங்கை அவர் தொடவில்லை. எர்த் இல்லை என்பதை எலக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். எல்லையைக் காட்டுவது சர்வேயர் வேலை. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டு மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்த வேறொரு வீட்டில் டேங்கே இல்லை, குழாய் நேராகப் பக்கத்து ஓடைக்குப் போனது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியையும் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். சிமென்ட் மேஸ்திரியிடம் சுண்ணாம்புச் சுவரைக் கொடுத்தால் நல்ல எண்ணத்திலேயே கெடுத்துவிடுவார்.

மாமனாரும் மாமியாரும் இப்போது முன்கட்டில்தான் படுக்கிறார்கள். மே மாதத்திலும் அங்கே ஃபேன் ஒன்று போதும். குழாயைச் சரிசெய்த பிறகு ஒட்டிய புதுக் கண்ணாடி ஒரு மழைக்காலத்தைத் தாண்டி உடையாமல் இருக்கிறது. சமையலறைக்கு டைல்ஸ் எப்போது போடுவாய் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொரு கார்த்திகை போகட்டும், அதற்குமுன் போட்டால் மூலை இறங்கினால் டைல்ஸ்தான் முதலில் வெடிக்கும் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு அது புரியவில்லை. மருமகன் செலவுக்கு யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.